மாந்தளிர் சிவந்தால் குறைபாடா? இலை நிறமிகள் பற்றி ஒரு விவாதம்

■ பர்கூர் மாந்தோப்பு | ஞாயிறு, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். பர்கூர் பக்கம் எங்களுக்குப் பெங்களூரா, செந்தூரா என்ற மா ரகங்கள் கலந்த ஒரு தோப்பு இருக்கிறது. அறுவடை முடிந்து கவாத்து செய்தோம். ஆவணி மழைக்கு இப்போது மரம் முழுக்கத் தளிர் விட்டிருக்கிறது. அத்தனையும் செம்பு நிறம். ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு போய் உரக்கடையில் காட்டினேன். "இலையில் பச்சையமே இல்லை, இரும்பு, துத்தநாகம், மக்னீசியம் எல்லாம் பற்றாக்குறை" என்று சொல்லி ஒரு நுண்ணூட்டக் கலவையை எடுத்து வைத்தார் கடைக்காரர். பாஸ்பரஸ் குறைந்தாலும் இலை சிவக்கும் என்று பக்கத்திலேயே இன்னொரு டப்பா. விலையைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

அப்பா காலத்தில் தளிருக்கு யாரும் எதையும் தெளித்ததில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. சிவப்புத் தளிர் குறைபாட்டின் அடையாளமா? இன்னொன்று, சிவப்பாக இருக்கும் இலை ஒளிச்சேர்க்கை செய்யுமா? பச்சையம் இருந்தால்தான் உணவு தயாராகும் என்று படித்த ஞாபகம்.

■ காவேரிப்பட்டணத்தான் | ஞாயிறு, காலை 8.15

தம்பி, மாந்தளிர் நிறத்தில் பட்டுப்புடவை நெய்து முகூர்த்தத்துக்கு விற்கிறார்கள். அந்த நிறத்தை நோய் என்று சொல்கிறவரிடம் மருந்து வாங்கப் போனீர்களே! பங்குனியில் வேம்பு துளிர்க்கும்போது பாருங்கள், அரசமரத்தைப் பாருங்கள், புங்கனைப் பாருங்கள். எதன் கொழுந்து எடுத்த எடுப்பில் பச்சையாக வருகிறது? கோயில் அரசமரத்துக்கு யாராவது நுண்ணூட்டம் தெளித்தார்களா? காசை மடியில் முடிந்துகொண்டு தோப்பில் களையை எடுங்கள்.

■ பாலக்கோடு தக்காளி | ஞாயிறு, காலை 9.02

ஐயா சொல்வது மாமரத்துக்குச் சரி. ஆனால் கடைக்காரர் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. எங்கள் பக்கம் மார்கழிப் பனியில் தக்காளி நாற்று நட்டால், இலையின் அடிப்புறமும் நரம்பும் கத்தரிப்பூ நிறமாக மாறும். மண் குளிர்ந்து கிடந்தால் வேர் பாஸ்பரஸை எடுப்பது குறைந்துவிடுகிறது, அதனால் வரும் நிறம் அது. வெயில் ஏறி மண் சூடானதும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சிவப்பு, ஊதா எல்லாமே அழகு என்று விட்டுவிடவும் கூடாது. எந்த இலையில், எந்த வயதில், எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும்.

பென்னாகரம் டீச்சர் இந்தப் பக்கம் வந்தால் விளக்கமாகச் சொல்வார்.

■ பென்னாகரம் டீச்சர் | ஞாயிறு, பகல் 12.30

வந்துவிட்டேன். முதலில் பர்கூர் தம்பியின் இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் முதல் கேள்வி தானாகவே அவிழும்.

இலையில் இருக்கும் நிறமிகளை அவை குடியிருக்கும் இடத்தை வைத்துப் பிரித்தால் குழப்பம் வராது. பச்சையம் இருப்பது பசுங்கணிகத்துக்குள், தைலக்காய்டு என்னும் சவ்வில். அதே சவ்வில்தான் மஞ்சள், ஆரஞ்சு நிறக் கரோட்டினாய்டுகளும் இருக்கின்றன. பீட்டா கரோட்டின், லூட்டீன் போன்றவை இந்த வகை. இவை எல்லாம் கொழுப்பில் கரைகிறவை, புரதத்தோடு சேர்ந்து அடுக்கடுக்காகப் பதிந்திருப்பவை. ஒளிச்சேர்க்கை என்ற வேலை இந்தச் சவ்வில் தொடங்குகிறது. மாந்தளிரின் சிவப்பு அங்கே இல்லை. அது ஆந்தோசயனின், நீரில் கரையும் பொருள். செல்லின் நடுவே இருக்கும் நீர்ப்பையில், அதாவது நுண்குமிழில் கரைந்து கிடக்கிறது. அது ஒளியை உறிஞ்சும், ஆனால் உறிஞ்சியதைப் பச்சையத்துக்குக் கொடுக்காது. கொடுக்க வழியே இல்லை, இரண்டும் வேறு வேறு அறையில் இருக்கின்றன. அது பிடித்த ஒளி வெறும் வெப்பமாகிப் போகும்.

ஆகவே சிவப்பு இலை சிவப்பை வைத்து உணவு தயாரிப்பதில்லை. சிவப்புக்குக் கீழே எவ்வளவு பச்சையம் இருக்கிறதோ, அதை வைத்துத் தயாரிக்கிறது. செந்நிறத் தண்டுக்கீரையில் பச்சையம் நிறைய இருக்கிறது, அதனால் அது நன்றாகவே ஒளிச்சேர்க்கை செய்கிறது. மாந்தளிரில் இப்போதைக்குப் பச்சையம் குறைவு. அந்த இலை இந்த வாரம் தன் சாப்பாட்டைத் தானே சமைக்காது, பின்னால் இருக்கும் முதிர்ந்த இலைகள் அனுப்பும் சர்க்கரையில்தான் வளரும். சில வாரங்களில் விறைத்து, பச்சை ஏறி, பிறகு குடும்பத்துக்குச் சம்பாதிக்க ஆரம்பிக்கும்.

இப்போது முதல் கேள்வி. குறைபாடு என்றால் அது தளிரின் நிறத்தோடு நிற்காது. இரும்புக் குறைபாட்டில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், இலை முதிர்ந்த பிறகும் அந்தக் கோலம் மாறாது. பச்சைய மூலக்கூறில் இரும்பு கிடையாது, ஆனால் அதைக் கட்டுவதற்கு இரும்பு தேவை. மக்னீசியம்தான் மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அணு. அது குறைந்தால் மரம் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும், அதனால் மஞ்சள் முதலில் பழைய இலையில் தெரியும். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்து, கணுவிடை குறுகி, கொத்தாக நிற்கும்.

உங்கள் மரத்தில் சென்ற வருடத்து இலைகள் கரும்பச்சையாக இருக்கின்றனவா? தளிர் வழக்கமான நீளத்துக்கு வந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் டப்பாவை மறந்துவிடுங்கள். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

■ பர்கூர் மாந்தோப்பு | ஞாயிறு, பிற்பகல் 2.10

பழைய இலை எல்லாம் கரும்பச்சைதான் டீச்சர். தளிரும் நீளமாகத்தான் இருக்கிறது, துவண்டு தொங்குகிறது. தொங்குவதைப் பார்த்து வாட்டம் என்று வேறு பயந்துபோனேன்.

கூடவே ஒரு சந்தேகம். பச்சை ஒளியை இலை திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் பச்சையாகத் தெரிகிறது என்கிறார்கள். அப்படியானால் பச்சை ஒளியால் செடிக்குப் பயனே இல்லையா?

■ மத்தூர் மைந்தன் | ஞாயிறு, இரவு 9.45

சொந்த ஊர் மத்தூர், பிழைப்பு பெங்களூரில். தாவர உடலியங்கியல் படித்தவன் என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. பச்சை ஒளி பயனற்றது என்பது பாடப்புத்தகப் படம் ஒன்றிலிருந்து பரவிய நம்பிக்கை. எந்த நிற ஒளியைப் பச்சையம் எவ்வளவு உறிஞ்சும் என்று காட்டும் அந்தப் படத்தில் நீலத்தில் ஒரு மலை, சிவப்பில் ஒரு மலை, நடுவில் பள்ளம் இருக்கும். பச்சையத்தில் ஏ, பி என்று இரண்டு வகை. பச்சையம் ஏ சுமார் 430, 662 நானோமீட்டர் அலைநீளங்களில் அதிகமாக உறிஞ்சும், பச்சையம் பி 453-லும் 642-லும். எண்கள் சரி. ஆனால் அவை ஈதரில் கரைத்துக் கண்ணாடிக் குப்பியில் வைத்த நிறமியை அளந்த எண்கள். உயிருள்ள இலை குப்பி அல்ல.

இலைக்குள் நுழைந்த பச்சை ஒளி செல்லுக்குச் செல் முட்டி, காற்றிடைவெளிகளில் சிதறி, மேலும் கீழும் அலைகிறது. ஒருமுறை தப்பினாலும் பலமுறை பச்சையத்தின் வழியில் குறுக்கிட வேண்டியிருக்கிறது. கடைசியில் இலையைப் பொறுத்து 50 முதல் 90 சதவீதம் வரை பச்சை ஒளியும் உறிஞ்சப்படுகிறது. மாவிலை போன்ற தடித்த இலை மேல்பக்கத்து எண்களுக்குத்தான் பக்கம். நம் கண்ணுக்குத் தெரியும் பச்சை, தப்பி வந்த கொஞ்சம். நீலமும் சிவப்பும் மேல் அடுக்கிலேயே தீர்ந்துவிடுவதால், இலையின் அடி அடுக்குகளுக்குப் போய்ச் சேர்வதில் பச்சைக்குப் பெரிய பங்கு உண்டு. உச்சிவெயிலில் மேல் அடுக்கு நிரம்பி வழியும்போது, கூடுதலாக விழும் பச்சை ஒளி கூடுதலாக விழும் சிவப்பைவிட நன்றாக வேலை செய்கிறது என்று ஜப்பானில் தெராஷிமாவும் அவர் குழுவினரும் 2009-இல் காட்டினார்கள்.

எந்த நிறம் வேலை செய்கிறது என்று முதலில் அழகாகக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் எங்கல்மான், 1882-இல். ஒரு பாசி இழையின் மேல் முப்பட்டகத்தால் வானவில்லை விழச் செய்தார். பிராணவாயுவைத் தேடிப் போகும் பாக்டீரியாக்களை அந்த நீர்த்துளியில் விட்டார். நீலமும் சிவப்பும் விழுந்த இடங்களில் அவை மொய்த்தன. பிராணவாயுவை அளக்கத் தனிக் கருவி இல்லாமல் பாக்டீரியாவையே அளவுகோலாக்கிய மூளையை இன்றும் வியக்கிறேன்.

டீச்சரிடம் ஒரு சிறு வழக்கு. கரோட்டினாய்டுகளைப் பச்சையத்தோடு ஒரே சவ்வில் இருப்பவை என்று சொல்லி நகர்ந்துவிட்டீர்கள். அவற்றின் பெரிய வேலை ஒளியைப் பிடித்து உணவுக்குச் சேர்ப்பதா, மிஞ்சிய ஒளியிலிருந்து காவல் காப்பதா? பாடத்தில் 'துணை நிறமி' என்று போட்டுப் பிள்ளைகளுக்கு முதல் வேலையை மட்டும் சொல்கிறோம்.

■ ஓசூர் பசுமைக்குடில் | திங்கள், காலை 6.20

நல்ல நேரத்தில் இந்த இழை வந்தது. எனக்குக் குடமிளகாயும் ரோஜாவும். நாற்றுக்கூடத்துக்கு இளஞ்சிவப்பாக எரியும் எல்.இ.டி. விளக்கு வாங்கச் சொல்லி ஒருவர் துரத்திக்கொண்டிருக்கிறார். சிவப்பும் நீலமும் மட்டும்தான் செடிக்கு வேண்டும், மற்ற நிறமெல்லாம் மின்சார வீண் என்கிறார். அதே ஆள், நான் போட்டிருக்கும் பச்சை நிழல்வலையைப் பார்த்து, உள்ளே பச்சை ஒளிதான் விழுகிறது, செடி பட்டினி கிடக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். மைந்தன் அண்ணா சொல்வதைப் பார்த்தால் இரண்டுமே அரைகுறை போலிருக்கிறதே?

■ மத்தூர் மைந்தன் | திங்கள், காலை 8.05

விளக்கு விற்பவர் சொல்வதில் பாதி சரி. சிவப்பு எல்.இ.டி. வாங்கும் மின்சாரத்துக்கு நிறைய ஒளித்துகள்களைக் கொடுக்கும், இலையும் அதை எளிதில் பிடிக்கும். காரணம் விளக்கின் சிக்கனம்தான். பச்சையால் பயனில்லை என்பது அதற்குக் காரணமல்ல. இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் ஒரு கஷ்டம், உள்ளே நிற்கும் ஆளுக்கு இலையின் உண்மை நிறம் தெரியாது. மஞ்சள் புள்ளி, நோய்க்கறை எல்லாம் கண்ணுக்குத் தப்பும். நான் வாங்குவதாக இருந்தால் வெள்ளை கலந்ததை வாங்குவேன்.

நிழல்வலைக்கு வருகிறேன். வலையின் கண்கள் வழியாக வருவது சாதாரண வெயில். இழையின் மேல் பட்டு ஊடுருவியும் சிதறியும் வருவது மட்டும் பச்சை சாய்ந்தது. இரண்டும் கலந்து விழுவதால் நிறம் ஓரளவுதான் மாறும். செடிக்குப் பெரிய வித்தியாசம், வலை எத்தனை சதவீதம் நிழல் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. ஐம்பது சதவீத வலைக்கு உள்ளே மேகமூட்ட நாளில் குடமிளகாய் சோர்ந்தால் அதற்கு வலையின் நிறம் பொறுப்பல்ல.

இன்னொன்று, சிவப்பு மட்டும் என்று போனால் அதிலும் எல்லை இருக்கிறது. 680 நானோமீட்டரைத் தாண்டிய நெடுஞ்சிவப்பை மட்டும் கொடுத்தால் ஒளிச்சேர்க்கை சட்டென்று படுத்துவிடும். அதோடு கொஞ்சம் குறைந்த அலைநீள ஒளியையும் சேர்த்தால், இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துக் கூட்டிய கணக்கைவிட அதிகம் நடக்கும். 1957-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எமர்சன் கண்டது இது. இலையில் ஒன்றல்ல, இரண்டு ஒளித்தொகுதிகள் (பச்சையமும் புரதமும் சேர்ந்த கூட்டங்கள்) வரிசையாக வேலை செய்கின்றன என்று ஊகிக்க வழி பிறந்தது அங்கேதான். ஒன்றின் மையப் பச்சையத்துக்குப் பெயர் பி680 (P680), மற்றொன்றின் மையத்துக்குப் பி700 (P700). பெயரில் 'பி' இருந்தாலும் இரண்டுமே பச்சையம் ஏ. மற்ற நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகளும் கரோட்டினாய்டுகளும், கிளை வாய்க்கால்கள் மடைக்குத் தண்ணீர் கொண்டுவருவது போல, பிடித்த ஆற்றலை அந்த மையத்துக்குக் கை மாற்றிவிடுகின்றன.

■ அரூர் மாணவி | திங்கள், மாலை 5.50

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு இன்று ஆய்வகத்தில் மேடத்திடம் கேட்டு, மாந்தளிரையும் முதிர்ந்த மாவிலையையும் தனித்தனியாக அசிட்டோனில் அரைத்து வடிதாளில் ஓட்டிப் பார்த்தோம். அரைக்கும்போது ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கல் தூள் போடச் சொன்னார் மேடம். இலையின் புளிப்பு பச்சையத்திலிருந்து மக்னீசியத்தைக் கழற்றிவிட்டால் சாறு சாம்பல் பூத்துவிடும் என்பதால்.

தாளின் அடியிலிருந்து சற்று மேலே பென்சிலால் கோடு போட்டு, நுண்குழாயால் சாற்றை ஒரே இடத்தில் தொட்டு, காயவிட்டு, மறுபடி தொட்டு, கரும்புள்ளி ஆகும்வரை வைத்தோம். பெட்ரோலிய ஈதர் ஒன்பது பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு. தாளை அதில் நிறுத்தியதும் கரைப்பான் ஏற ஏறப் புள்ளி கலைந்து நீள ஆரம்பித்தது. முதிர்ந்த இலையில் மேலே ஓடியது கரோட்டின், ஆரஞ்சு கலந்த மஞ்சள் கோடாக, கரைப்பானின் ஓரத்தை விடாமல். அதற்குக் கீழே ஒரு மெல்லிய சாம்பல் நிழல். அடுத்து எலுமிச்சை மஞ்சளில் சாந்தோபில் என்ற மற்றொரு வகைக் கரோட்டினாய்டு. அதன் கீழே நீலம் கலந்த பச்சையில் பச்சையம் ஏ, எல்லாவற்றிலும் தடித்தது. அதை ஒட்டிக் கீழே மஞ்சள் கலந்த பச்சையில் பச்சையம் பி.

தளிரின் தாளில் அதே வரிசைதான், ஆனால் பச்சைப் பட்டைகள் இரண்டும் பழைய சட்டைச் சாயம் போல வெளிறி இருந்தன. பென்சில் கோட்டின் மேலேயே ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி அசையாமல் உட்கார்ந்துவிட்டது. அது ஆந்தோசயனின். அது நீரில் கரைவது என்று டீச்சர் எழுதியது கண்ணெதிரே தெரிந்தது, எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பானோடு அது வரவில்லை.

பிறகு மிச்சச் சாற்றின் மேல், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை அடித்தார் மேடம். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்தது! விளக்கை அணைத்தால் மறுபடி பச்சை. முழு இலையின் மேல் அடித்தால் அப்படி எதுவும் தெரியவில்லை. இது ஏன்?

■ பென்னாகரம் டீச்சர் | திங்கள், இரவு 8.20

கண்ணு, அந்தத் தாளைக் காயவைத்து இருட்டில் பத்திரப்படுத்து. வெளிச்சத்தில் வைத்தால் பச்சை வெளுத்துவிடும்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஒளி பட்டதும் பச்சையம் கிளர்ந்துவிடுகிறது. இலையில் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளப் பக்கத்து மூலக்கூறும் மைந்தன் சொன்ன மையமும் காத்திருக்கின்றன. அரைத்துக் கரைத்த சாற்றில் அந்த ஏற்பாடு சிதைந்துபோய்விட்டது. வாங்க ஆளில்லாத ஆற்றலில் ஒரு பகுதி சிவப்பு ஒளியாகத் திரும்பி வருகிறது. முழு இலையிலும் இது நடக்கிறது, ஆனால் உறிஞ்சியதில் 1 முதல் 2 சதவீதம் அளவுக்குத்தான், கண்ணுக்கு எட்டாது. அந்தச் சிறு கசிவைக் கருவியால் அளந்து செடி சிரமத்தில் இருக்கிறதா என்று இன்று வயலிலேயே சொல்கிறார்கள்.

தாளில் நீ செய்ததற்கு முன்னோடி மிகைல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புக்கல் தூளை அடைத்து, மேலே இலைச்சாற்றை ஊற்றி, நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரிவதைக் கண்டார். 1903-இல் வார்சாவில் அதைப் பற்றிப் பேசினார், 1906-இல் விரிவாக எழுதினார். பல வருடங்களுக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று மருந்துத் தொழிற்சாலை முதல் ஊக்கமருந்துச் சோதனை வரை அவர் முறையின் வாரிசுகள்தான்.

அடுத்து சிவப்புத் தண்டுக்கீரையை வைத்து ஒரு பரிசோதனை செய். கொதிநீரில் போட்டால் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகும், இலை மங்கிய பச்சையாக மிஞ்சும். அந்தப் பச்சை எங்கிருந்தோ வந்ததில்லை, முதலிலிருந்தே உள்ளே இருந்ததுதான். ஆனால் கவனம், கீரையின் சிவப்பு ஆந்தோசயனின் அல்ல. அது பீட்டாலைன், பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் இருக்கும் வகை. மாந்தளிர்ச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு தூக்கலாகும். கீரைத் தண்ணீரில் பிழிந்தால் பெரிய மாற்றம் தெரியாது. இந்த இரண்டு நிறமிகளும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதைக் கண்டதில்லை.

■ காவேரிப்பட்டணத்தான் | செவ்வாய், காலை 7.00

எல்லாம் சரி. சிவப்பு உணவும் தயாரிக்காது, வரும் ஒளியையும் கொஞ்சம் மறித்துக்கொள்ளும் என்கிறீர்கள். அப்படியானால் மரம் எதற்காக அதைத் தயாரித்துத் தளிரில் நிரப்பிக்கொள்கிறது? காரணமில்லாமல் மரம் ஒரு செலவும் செய்யாது. நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இல்லை.

■ மத்தூர் மைந்தன் | செவ்வாய், காலை 9.30

ஐயா கேட்ட கேள்விக்கு ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒரே குரலில் பதில் சொல்வதில்லை. நான் சாய்வது வெயில்காப்புப் பக்கம்.

நண்பகல் வெயிலில் பெரும்பாலான இலைகளால் விழும் ஒளி முழுவதையும் பயன்படுத்த முடியாது. முதிர்ந்த இலைக்கே அப்படி என்றால், கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் இன்னும் நிறையாத தளிருக்குக் கேட்க வேண்டாம். பிடித்த ஆற்றலைச் செலவழிக்க முடியாமல் போனால், பச்சையம் அதை ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். அப்போது உருவாகும் கொடிய ஆக்சிஜன் வகை சவ்வையும் புரதத்தையும் அரித்துவிடும். மேலே ஆந்தோசயனின் நின்று பச்சை ஒளியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டால், உள்ளே சுமை குறைகிறது. தளிர் தொங்குவதும் இதே கணக்கில் சேரும், தொங்கும் இலையின் மேல் உச்சிவெயில் சாய்வாகத்தான் படும். விறைத்த பிறகுதான் வெயிலை நேரே ஏற்க இலை தயார்.

செந்தூராக்காரருக்கு இது புதிதல்ல. காயின் வெயில் பட்ட கன்னம் மட்டும் சிவக்கும், இலை மறைத்த பக்கம் வெளிறி நிற்கும். ஆந்தோசயனின் உருவாக ஒளி தூண்டுகோல் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

■ பென்னாகரம் டீச்சர் | செவ்வாய், பகல் 1.15

மைந்தன் சாய்கிற பக்கத்துக்கு நான் முழுவதும் வர மாட்டேன். அடர்ந்த காட்டில் நிழலிலேயே முளைக்கும் செடிகளும் சிவப்புத் தளிர் விடுகின்றன. அங்கே எந்த வெயிலுக்குக் காப்பு? புற ஊதாக் கதிருக்குக் கேடயம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது பிளேவனாய்டுகள் என்ற நிறமற்ற பொருள்கள்தான், அதற்குச் சிவக்க வேண்டிய அவசியமில்லை.

எனக்குப் பிடித்த விளக்கம் வேறு. தளிர் மெல்லியது, புரதம் அதிகம், பூச்சிக்கு விருந்து. அதில் பச்சையத்தையும் பசுங்கணிகத்தையும் முதல் நாளே நிரப்பி வைத்தால், புழு தின்னும்போது போட்ட முதலும் சேர்ந்து போய்விடும். இலை தடித்து, மெல்ல முடியாதபடி ஆன பிறகு பச்சையைக் கொட்டினால் நஷ்டம் குறைவு. வெப்பமண்டலக் காடுகளில் தாமதமாகப் பச்சை ஏறும் இலைகளைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள். பச்சையம் ஏன் தாமதம் என்பதற்கு இது பொருந்துகிறது. சிவப்பு ஏன் என்பதற்குப் பாதி பதில்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கரோட்டினாய்டு வழக்கில் மட்டும் மைந்தன் பக்கம் தீர்ப்பு. காவல்தான் பெரிய வேலை.

■ பாலக்கோடு தக்காளி | செவ்வாய், மாலை 4.40

அந்தக் காவல் பற்றி ஒரு கேள்வி. தக்காளிக்கு மாற்றாக ஒரு போகம் மக்காச்சோளம் போட்டேன். டெம்போட்ரையோன் களைக்கொல்லி அடித்த கொஞ்ச நாளில் களை கருகவில்லை, காயவில்லை, வெள்ளைவெளேர் என்று காகிதம் மாதிரி வந்து பிறகுதான் செத்தது. பச்சையத்தைக் கொல்லும் மருந்தா அது?

■ மத்தூர் மைந்தன் | செவ்வாய், இரவு 10.10

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். அந்த மருந்து பச்சையத்தைத் தொடுவதே இல்லை. கரோட்டினாய்டு தயாராகும் வழியை மறைமுகமாக அடைக்கிறது. புது இலையில் பச்சையம் வழக்கம் போல உருவாகத் தொடங்கும், ஆனால் பக்கத்தில் காவல் கிடையாது. வெயில் பட்டதும் மேலே சொன்ன கொடிய ஆக்சிஜன் உருவாகி, பச்சையம் தன்னைத் தானே வெளுத்துக்கொள்கிறது. வெள்ளைக் களை அப்படித்தான் வந்தது. முதிர்ந்த இலையைவிடப் புதிதாக விரிந்த இலை பளிச்சென்று வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் கரோட்டினாய்டு புதிதாகத் தேவைப்பட்டது. மக்காச்சோளம் தப்பிக்கக் காரணம், அது அந்த மருந்தை வேகமாகச் சிதைத்துவிடுகிறது.

காவல் ஒரே மாதிரி நிற்பதுமில்லை. வயோலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி, வெயில் மிஞ்சினால் சில நிமிடங்களில் சியாசாந்தினாக மாறத் தொடங்கும். அதிகப்படி ஆற்றலை வெப்பமாக வெளியே விட அது துணை நிற்கும். வெயில் தாழ்ந்தால் பழையபடி திரும்பிவிடும். இப்போது தளிர் விட்டிருக்கும் பர்கூர்த் தோப்பிலும் தினமும் நடக்கிறது, ஆனால் நிறத்தில் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது.

■ ஓசூர் பசுமைக்குடில் | புதன், காலை 6.45

இழை திசைமாறினாலும் கேட்டுவிடுகிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு கடும் வெயிலிலும் அசராமல் நிற்கிறது. அதன் பச்சையம் வேறு வகையா?

■ பென்னாகரம் டீச்சர் | புதன், காலை 8.00

அதே பச்சையம் ஏ, அதே பி, அதே கரோட்டினாய்டுகள். வேறுபாடு அதற்கு அடுத்த கட்டத்தில். கேழ்வரகு சி4 வகை. கரியமில வாயுவை முதலில் ஒரு செல் அடுக்கில் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள இன்னொரு அடுக்குக்குள் செறிவாக்கிக் கொடுக்கும். அதனால் கடும் வெயிலிலும் பிடித்த ஆற்றலில் அதிகப் பங்கு வேலைக்குப் போகிறது, தண்ணீரும் மிச்சம். கரும்பும் மக்காச்சோளமும் இதே வகை, மாவும் தக்காளியும் இல்லை. இதற்குத் தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம்.

■ பர்கூர் மாந்தோப்பு | புதன், மாலை 6.30

எல்லோருக்கும் நன்றி. டப்பா வாங்கவில்லை. முதலில் விட்ட தளிர்களில் அடிநரம்பை ஒட்டிப் பச்சை ஏற ஆரம்பித்திருக்கிறது, நுனி மட்டும் இன்னும் செம்பு.

ஆனால் இன்று வேறொன்றைப் பார்த்தேன். கிழக்கு வரிசை மரங்களின் கீழே தளிர் இலைகள் நிறைய உதிர்ந்து கிடக்கின்றன. முழு இலையாக இல்லை. கத்தரிக்கோலால் குறுக்கே நறுக்கியது போல வெட்டு நேராக இருக்கிறது. காம்போடு ஒரு சிறு துண்டு மட்டும் மரத்தில் நிற்கிறது. தளிர் சிவப்பாக இருந்தால் பூச்சி ஏமாறும் என்ற அர்த்தத்தில் டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு இதைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

■ பென்னாகரம் டீச்சர் | புதன், மாலை 7.05

பூச்சி ஏமாறும் என்று எங்கே சொன்னேன்? தின்றால் மரத்துக்கு நஷ்டம் குறைவு என்றுதான் சொன்னேன். தின்னாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை!

■ காவேரிப்பட்டணத்தான் | புதன், இரவு 8.30

டீச்சரம்மாவை விடுங்கள். தம்பி, அது இலை வெட்டும் கூன்வண்டு. முற்றிய இலையைச் சீண்டாது, கொழுந்துக்குத்தான் வரும். நடுநரம்பில் முட்டையை வைத்துவிட்டு இலையைக் குறுக்கே வெட்டி விழவைக்கும். புழு அந்த விழுந்த துண்டுக்குள்ளேயே தின்று வளர்ந்து, பிறகு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும். கீழே கிடக்கும் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நரம்பை ஒட்டிப் புள்ளி புள்ளியாக முட்டை வைத்த தடம் தெரியும்.

உதிர்ந்ததைக் கூட்டி ஓரமாகக் குவிப்பதோடு நிறுத்த வேண்டாம், ஒன்று விடாமல் பொறுக்கி எரித்துவிடுங்கள். துண்டு காய்ந்து சருகாகும்வரை விட்டால் புழு இறங்கிவிடும். மரத்தடியில் லேசாக ஓர் உழவு ஓட்டினால் மண்ணுக்குள் இருப்பதும் வெயிலுக்கு வரும். மருந்து தேவையா என்பதை இரண்டாவது தளிரின் சேதத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள், கடையில் கேட்காதீர்கள்.

■ பர்கூர் மாந்தோப்பு | வியாழன், காலை 6.10

விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் ஐயா, தடம் இருக்கிறது. ஆட்கள் வந்துவிட்டார்கள், கிழக்கு வரிசையிலிருந்து பொறுக்க ஆரம்பிக்கிறோம். அரூர்த் தங்கைக்குச் செந்தூராவின் தளிரும் பெங்களூராவின் தளிரும் தனித்தனியாக வேண்டுமானால் சொல்லட்டும், பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.